சில்டெனாபில்: ஆய்வக விலங்குகளில் உறுப்பு நச்சுத்தன்மை

சில்டெனாபில் சிட்ரேட் என்பது ஆண்களுக்கு ஏற்படும் விறைப்புக் குறைபாட்டுக்காக வாய்வழி கொடுக்கப்படும் மருந்து. வயாகரா என்ற வணிகப் பெயரால் இது பரவலாக அறியப்படுகிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்னும் ஊரில் இருந்த பைசர் நிறுவன ஆய்வகத்தில், நெஞ்சுவலிக்கு மருந்து தேடியபோது இது உருவாக்கப்பட்டது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. நுரையீரல் தமனி உயர் அழுத்த நோய்க்கு 2005 முதல் இதே வேதிப்பொருள் வேறு பெயரிலும் வேறு அளவிலும் கொடுக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் அப்போது மருந்துப் பொருளுக்கான காப்புரிமை நடைமுறையில் இல்லை. ஆகவே 2001இலேயே உள்நாட்டு நிறுவனங்கள் காவெர்டா, பெனக்ரா, சைலாக்ரா போன்ற பெயர்களில் மாத்திரைகளை வெளியிட்டன. இது எச் அட்டவணையில் அடங்கும் மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

இம்மருந்தைப் பற்றி இணையத்தில் அடிக்கடி காணப்படும் செய்தி ஒன்று உண்டு. எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது சிறுநீரகமும் கல்லீரலும் மூளையின் சில பகுதிகளும் சிதைந்தன என்பதே அது. அச்செய்தியின் பின்னால் ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றிலிருந்து மனிதருக்கு என்ன முடிவு எடுக்கலாம் என்பது எந்த விலங்கு, எவ்வளவு மருந்து, எத்தனை நாள், மருந்தை நிறுத்தியபின் உறுப்பு மீண்டதா என்பவற்றைப் பொறுத்தது.

புதுச்சேரியும் விலங்கு ஆய்வு நெறிகளும்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் தன் தொடக்கத்தை 1823இல் பிரெஞ்சு அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. அது 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகவும், 1964இல் ஜவாஹர்லால் பெயர் தாங்கிய முதுநிலை நிறுவனமாகவும் மாறியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. அப்பள்ளி பிறந்த 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவம், நச்சு உடலில் எங்கே போய்த் தாக்குகிறது என்பதை விலங்குகளில் தேடிக்கொண்டிருந்த மருத்துவம். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவிய கியூராரே என்னும் நஞ்சை கிளாட் பெர்னார்டு தவளைகளுக்குச் செலுத்திப் பார்த்தார். நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை. நரம்பிலிருந்து தசைக்கு ஆணை செல்லும் இடம்தான் முடங்குகிறது என்று காட்டினார். இன்று ‘இலக்கு உறுப்பு’ என்று நச்சியல் நூல்கள் குறிப்பிடும் கருத்துக்கு இத்தகைய சோதனைகளே அடித்தளம்.

இன்று புதுச்சேரியிலோ தமிழ்நாட்டிலோ ஒரு மருந்தியல் மாணவர் நினைத்தவுடன் எலிக்கு ஊசி போட்டுவிட முடியாது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவில் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒவ்வோர் ஆய்வையும் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு, இறுதியில் விலங்கை எப்படிக் கருணையோடு முடிப்பது என்ற கேள்விகளுக்கு விண்ணப்பத்திலேயே விடை இருக்க வேண்டும். புதிய மருந்துக்கான விதிகள் இன்னொரு பக்கம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, மீண்டும் மீண்டும் மருந்து கொடுத்துப் பார்க்கும் நச்சாய்வு பொதுவாக இரண்டு பாலூட்டி இனங்களில் நடத்தப்படும். அவற்றுள் ஒன்று கொறிவிலங்கு அல்லாததாக இருக்க வேண்டும். 2023இல் இவ்விதிகள் திருத்தப்பட்டு, செல் வளர்ப்பு, உறுப்புச் சில்லு, கணினி மாதிரி போன்ற விலங்கில்லா முறைகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டது.

மருந்து வேலை செய்யும் இடங்கள்

பாலுணர்வுத் தூண்டலின்போது ஆண்குறியின் நரம்பு முனைகளும் இரத்தக்குழாய் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது மென்தசைச் செல்களில் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற தூதுப்பொருளைப் பெருக்குகிறது. தசை தளர்ந்து இரத்தம் நிறைகிறது. வேலை முடிந்ததும் அத்தூதுப்பொருளைச் சிதைப்பது பாஸ்போடைஎஸ்டரேஸ்-5 என்னும் நொதி. சில்டெனாபில் இந்த நொதியைத் தடுக்கிறது. தூண்டல் இல்லாமல் மருந்து மட்டும் விறைப்பை உண்டாக்காததற்குக் காரணமும் இதுதான்: நைட்ரிக் ஆக்சைடு வராவிட்டால் தடுத்துக் காப்பாற்ற எதுவும் இல்லை. நைட்ரிக் ஆக்சைடு உடலில் தகவல் கடத்தும் பொருள் என்று கண்டறிந்த மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1998ஆம் ஆண்டில்தான்.

இந்நொதி ஓர் உறுப்புக்கு மட்டும் உரியதன்று. நுரையீரல் இரத்தக்குழாய்களிலும் பிற இரத்தக்குழாய்களின் மென்தசையிலும் இரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. இதற்கு நெருங்கிய உறவான 6ஆம் வகை நொதி, விழித்திரையில் ஒளியை உணரும் செல்களில் இருக்கிறது. சில்டெனாபில் அதையும் ஓரளவு தடுக்கும். மாத்திரை உண்ட சிலருக்குச் சிறிது நேரம் பொருள்கள் நீலம் படிந்து தெரிவது இதனால்தான். ஆகவே நச்சாய்வு செய்பவர் முதலில் சந்தேகத்தோடு பார்க்க வேண்டிய இடங்கள் இரத்தக்குழாய்ச் சுவர், இதயம், விழித்திரை ஆகியவை. அவற்றோடு, மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலும் சேரும்.

உறுப்புச் சேதத்தை எப்படி அளக்கிறார்கள்

விலங்குகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தில்லாத கரைசலும் மற்றவற்றுக்குக் குறைந்த, நடுத்தர, உயர்ந்த அளவு மருந்தும் கொடுப்பார்கள். தினமும் எடை, உணவு, நடமாட்டம் கவனிக்கப்படும். இரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிலிருபின் ஆகியவை கல்லீரலையும், யூரியாவும் கிரியாட்டினினும் சிறுநீரகத்தையும் காட்டும். நம் ஊர் இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் அதே பெயர்கள்தாம். ஆய்வு முடிந்ததும் உறுப்புகளை எடுத்து எடைபோட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

எளிதாகத் தவறு நேரும் கட்டம் இந்தக் கடைசிக் கட்டமே. இறந்த விலங்கின் உறுப்பைப் பதப்படுத்தச் சற்றே தாமதித்தாலும் செல்கள் தாமாகச் சிதையத் தொடங்கும். சீவலில் அது மருந்தின் சேதம்போலவே தோன்றும். எந்தச் சீவல் எந்தக் குழுவுடையது என்று தெரிந்தே பார்க்கும் கண், எதிர்பார்த்ததைக் கண்டுகொள்ளும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் சீவல்களைப் பார்ப்பவருக்குக் குழுவின் பெயர் மறைக்கப்படுகிறது, அல்லது இரண்டாம் வல்லுநர் மீண்டும் சரிபார்க்கிறார்.

சேதத்தையும் தகவமைப்பையும் பிரித்தறிவதும் கடினமே. கல்லீரல் சற்றுப் பெருத்திருந்தால் அது நோயாகவும் இருக்கலாம். கூடுதல் மருந்தைச் சமாளிக்க நொதிகளைப் பெருக்கிக்கொண்ட உழைப்பாகவும் இருக்கலாம்.

ஒப்புதலுக்கு முந்தைய ஆய்வுகள் காட்டியவை

சில்டெனாபில் எலி, சுண்டெலி, நாய் ஆகியவற்றில் விரிவாகச் சோதிக்கப்பட்டது. எலிகளில் மேலெழுந்து தெரிந்த உறுப்புகள் இரண்டு: கல்லீரல், தைராய்டு. கல்லீரல் செல்கள் பருத்தன, எடை கூடியது. தைராய்டுச் செல்களும் பெருகின. இரண்டும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். உயர்ந்த அளவு மருந்தைச் சிதைக்கக் கல்லீரல் தன் நொதிகளைப் பெருக்குகிறது. அந்த நொதிகள் தைராய்டு ஹார்மோனையும் சேர்த்து வேகமாக வெளியேற்றிவிடுகின்றன. ஹார்மோன் குறைந்ததைக் கண்டு மூளையடிச் சுரப்பி தைராய்டைத் தூண்டுகிறது, தைராய்டு பெருக்கிறது. எலியின் தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை என்பதால் இந்தச் சங்கிலி எலிகளில் எளிதாக இழுபடும். மனிதரில் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் வலுவாக இருப்பதால் அப்படி நேர்வது அரிது.

நாய்களில் கண்டது வேறு. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பீகிள் இன நாய்களுக்கு, இளம் வயதில் தமனிகள் அழற்சியுற்றுக் காய்ச்சலும் கழுத்து வலியும் வரும் நோய் தானாகவே வருவதுண்டு. உயர்ந்த அளவு சில்டெனாபில் பெற்ற நாய்களில் இந்நோய் தலைகாட்டியது. மருந்து புதிதாக உண்டாக்கியதா, உறங்கிக்கிடந்ததை எழுப்பிவிட்டதா என்பதே கேள்வியானது. இரத்தக்குழாய்களை வலுவாக விரிக்கும் பிற மருந்துகளும் நாய்களின் இதயத் தமனிகளில் காயம் உண்டாக்கும் என்பது நச்சியலில் தெரிந்த செய்தி. மனிதரில் அதே காயம் காணப்படுவதில்லை. இருந்தாலும் இந்தக் குறிப்பை ஒதுக்கிவிட முடியாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டாடாலாபிலும் நாய்களில் பரவலான தமனி அழற்சியைக் காட்டியிருக்கிறது. சில ஆய்வுகளில் அது மனிதருக்கு நேரும் அளவுக்கு அருகிலேயே நிகழ்ந்தது.

புற்றுநோய் ஆய்வு 24 மாதம் நடந்தது. எலியின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதான். மனிதர் அதிகபட்சமாக எடுக்கும் 100 மி.கி. அளவில் இரத்தத்தில் சேரும் மொத்த மருந்தைப்போல் ஆண் எலிகளில் 29 மடங்கும் பெண் எலிகளில் 42 மடங்கும் சேருமாறு கொடுத்தும் புற்றுநோய் உண்டாகவில்லை. எலிகளின் இனப்பெருக்கத் திறனும் குன்றவில்லை.

இங்கே டாடாலாபிலின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பீகிள் நாய்களுக்கு 3 முதல் 12 மாதம் வரை தினமும் அம்மருந்தைக் கொடுத்தபோது, விந்தகத்தில் விந்தணு உண்டாகும் நுண்குழல்கள் தேய்ந்தன; மருந்தை நிறுத்தியும் மீளவில்லை. எலிக்கும் சுண்டெலிக்கும் ஒரு கிலோ எடைக்கு 400 மி.கி. வரை இரண்டு ஆண்டு கொடுத்தும் விந்தகத்தில் ஒன்றும் நேரவில்லை. எலியை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. இரண்டாவது இனம் கட்டாயம் என்று விதி சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. பிறகு மனிதரில் பல மாதம் தொடர்ந்த ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் விந்தணு அடர்த்தி சற்றுக் குறைந்ததாகக் குறிக்கப்பட்டாலும் டெஸ்டோஸ்டிரோன் முதலிய ஹார்மோன்கள் மாறவில்லை.

விழித்திரை பற்றிய கேள்வி ஒப்புதலுக்குப் பின்னும் தொடர்ந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான சுண்டெலிகளில் பார்வைச் செயல்பாடு குன்றி இரண்டு நாளில் திரும்பியது. ஆனால் 6ஆம் வகை நொதிக்கான மரபணுவில் ஒரு பிரதி பழுதான சுண்டெலிகளில் அது திரும்ப இரண்டு வாரம் ஆனது. அந்தச் சுண்டெலிகள் மருந்துக்கு முன் நலமாகவே இருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. பரம்பரை விழித்திரைச் சிதைவு நோய் உள்ளவர்கள் இம்மருந்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. நோய் வெளிப்படாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களையும் பற்றி யோசிக்க வேண்டும் என்று அந்த ஆய்வு கோரியது.

கல்லூரி ஆய்வகங்களின் எலி ஆய்வுகளும் அளவுக் கணக்கும்

இணையத்தில் பரவும் ‘சிறுநீரகச் சிதைவு’ச் செய்திகள் பெரும்பாலும் மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து வருபவை அல்ல. நைஜீரியா, எகிப்து, இந்தியா போன்ற நாடுகளின் பல்கலைக்கழக ஆய்வகங்கள் விஸ்டார் எலிகளில் நடத்திய சிறிய ஆய்வுகளிலிருந்து வருபவை. நைஜீரியாவின் பெனின் பல்கலைக்கழக உடற்கூறியல் துறையினர் சிறுநீரகத்திலும், மூளையில் பார்வைக்கும் கேள்விக்கும் உரிய பகுதிகளிலும் செல் சிதைவு கண்டதாக எழுதியிருக்கிறார்கள். இந்நாடுகளில் சீட்டில்லாமல் மாத்திரை தாராளமாகக் கிடைக்கிறது; இளைஞர்கள் நோய் இல்லாமலே வாங்கி விழுங்குகிறார்கள். இக்கவலைதான் இத்தகைய ஆய்வுகளைத் தூண்டுகிறது, கவலை நியாயமானதே.

இவற்றைப் படிக்கும் மாணவர் அளவுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 100 மி.கி. மாத்திரை உண்டால் ஒரு கிலோவுக்கு 1.67 மி.கி. ஆகிறது. இதை அப்படியே எலிக்குக் கொடுப்பது சரியன்று. சிறிய உடல் மருந்தை வேகமாகச் செலவழித்துவிடும். சில்டெனாபிலின் பாதி மனித இரத்தத்திலிருந்து நீங்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகிறது. நாய்க்குச் சுமார் 6 மணி. ஆண் எலிக்கு அரை மணி நேரம்கூட ஆவதில்லை. எனவே உடல் மேற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு, மனித அளவை எலிக்கு மாற்ற 6.2ஆல் பெருக்குவது வழக்கம். அப்படியானால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 மி.கி.; 200 கிராம் எலிக்கு 2 மி.கி. மாறாக, மனிதரின் 1.67 மி.கி. கணக்கை மாற்றாமல் எலிக்குக் கொடுத்தால், அந்த எலி பெற்றது மனிதர் 16 மி.கி. உண்டதற்குச் சமம். மிகக் குறைந்த மாத்திரையான 25 மி.கி.யைவிடவும் குறைவு.

அவ்வளவு சிறிய அளவில் சிறுநீரகம் சிதைந்தது என்றால் அச்சம் கூடத்தானே வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆனால் பல மடங்கு உயர்ந்த அளவை இரண்டு ஆண்டு பெற்ற எலிகளில் சிறுநீரகம் முதன்மைச் சேதமாக எழவில்லை. சிறிய அளவில் சில வாரங்களில் தோன்றும் காயம், பெரிய அளவில் இரண்டு ஆண்டில் தோன்றாமல் போவதற்கு விளக்கம் வேண்டும். குழுவுக்கு ஐந்தாறு எலி, சீவல்களை மறைக்காமல் பார்த்தது, இரத்தத்தில் மருந்தின் அளவை அளக்காதது, கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கரைத்தது, காயத்தை எண்ணிக்கையாக அன்றிப் படமாக மட்டும் காட்டியது ஆகிய குறைகளில் ஒன்றிரண்டாவது இத்தகைய பல சிறு ஆய்வுகளில் இருக்கும். ஆகவே அவை மேலும் ஆராய வேண்டிய அறிகுறி, முடிவு அல்ல. எலிக்கே உரிய காயங்களும் உண்டு. ஆண் எலியின் கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம், சில வேதிப்பொருள்களோடு சேர்ந்து சிறுநீரகத்தில் துளிகளாகத் தேங்கி அதைக் கெடுக்கும். மனிதரிடம் அந்தப் புரதம் அப்படி உண்டாவதே இல்லை என்பதால் அவ்வகைக் காயத்தை மனிதருக்குப் பொருத்துவதில்லை.

எதிர்த்திசையிலும் எலி ஆய்வுகள் ஏராளம். இரத்த ஓட்டம் தடைபட்ட சிறுநீரகத்தைச் சில்டெனாபில் காத்தது என்றும், சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் நச்சைக் குறைத்தது என்றும் கட்டுரைகள் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2005இல், அழுத்தத்தால் பருத்த சுண்டெலி இதயத்தை இம்மருந்து திருத்தியது என்று காட்டினார்கள். அந்த நம்பிக்கையில் நடந்த மனித ஆய்வின் முடிவு 2013இல் வந்தது: ஒரு வகை இதயச் செயலிழப்பு நோயாளிகள் 216 பேரில் மருந்து பெற்றவர்களுக்குப் பயனில்லை. விலங்கில் கண்ட நன்மையை உடனே நம்புவதும் விலங்கில் கண்ட தீமையை உடனே நம்புவதும் ஒரே வகைப் பிழை.

மனிதரில் வெளிப்பட்ட ஆபத்துகள்

மனிதரில் இம்மருந்தால் கல்லீரல் காயம் மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. கெட்ட கல்லீரல் மருந்தை என்ன செய்கிறது என்பதுதான் அன்றாடம் எழும் கேள்வி. கல்லீரல் இறுகிப்போன நோயாளிகளின் இரத்தத்தில் சேரும் சில்டெனாபில் 84 விழுக்காடு கூடுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனால் இவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் 25 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்று பெயரெடுத்த புதுச்சேரியில் கல்லீரல் பற்றிய இக்குறிப்பு வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்து நைட்ரேட்டு மருந்துகளோடு சேரும்போது வருகிறது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அவ்வகையைச் சேர்ந்தது. அது நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. சில்டெனாபில் அதன் தூதுப்பொருளைச் சிதையவிடாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென விழும். இங்கே எந்த உறுப்பும் நஞ்சூட்டப்படவில்லை; நுண்ணோக்கியில் பார்த்தால் சீவல் சுத்தமாக இருக்கும். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வரும் ஆண், இம்மாத்திரை உண்டதைக் கூச்சத்தால் மறைத்தால் மருத்துவர் கொடுக்கும் முதல் மருந்தே அவருக்குக் கேடாகலாம்.

விலங்கு ஆய்வு எச்சரிக்கத் தவறிய இன்னொரு நிகழ்வு நெதர்லாந்தில் நடந்தது. கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் கருவுற்ற பெண்களுக்குச் சில்டெனாபில் கொடுத்துப் பார்த்தார்கள். விலங்கு ஆய்வுகளில் சில, கருவின் வளர்ச்சி கூடியதாகக் காட்டியிருந்தன. 2018 ஜூலையில் இடைக்கால முடிவைப் பார்த்ததும் ஆய்வு நிறுத்தப்பட்டது. மருந்து பெற்ற 93 பெண்களின் குழந்தைகளில் 17 குழந்தைகளுக்கு நுரையீரல் சிக்கல் ஏற்பட்டது; அவர்களில் 11 பேர் இறந்தார்கள். மருந்து பெறாத குழுவில் 3 குழந்தைகளுக்கே அச்சிக்கல் வந்தது. அதனால் யாரும் இறக்கவில்லை. வயது வந்தவரின் நுரையீரல் தமனியைத் தளர்த்திக் காக்கும் மருந்து, அப்போதுதான் மூச்சுவிடத் தொடங்கிய நுரையீரலில் வேறுவிதமாக நடந்துகொண்டது.

லேகியத்தில் ஒளிந்திருக்கும் மருந்து

மேலே சொன்ன எலிகளும் நாய்களும் தந்த பாதுகாப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: பொட்டலத்தில் இருப்பது அந்த விலங்குகள் உண்ட அதே பொருளாக இருக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு ‘முற்றிலும் மூலிகை’ என்று விற்கப்படும் சூரணம், லேகியம், குளிகைகளில் சில்டெனாபிலை இரகசியமாகக் கலப்பது உலகின் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. சோதனைச்சாலைகள் சில்டெனாபிலைத் தேடத் தொடங்கியதும் கலப்படக்காரர்கள் மூலக்கூறை ஓரிடத்தில் மட்டும் மாற்றினார்கள். ஓமோசில்டெனாபில், தயோசில்டெனாபில், ஹாங்டெனாபில் என்று இன்று நச்சியலார் பெயரிட்டிருப்பவை அப்படிப் பிறந்தவை. ஒப்புதலுக்குத் தேவையான நச்சாய்வு வரிசையை இவை கடக்கவே இல்லை. எலிக்கும் கொடுக்கவில்லை, நாய்க்கும் கொடுக்கவில்லை. முதல் சோதனை விலங்கு வாங்குபவர்தான்.

இதன் விளைவைச் சிங்கப்பூர் 2008இல் கண்டது. அவ்வாண்டு ஜனவரி முதல் மே இறுதிக்குள், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறைந்து ஐந்து பொது மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏழு பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். விசாரித்ததில், வீரியம் தரும் மூலிகை என்று விற்கப்பட்ட பொருள்களிலும் போலி மாத்திரைகளிலும் நீரிழிவு மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது. சில்டெனாபிலும் அவற்றில் இருந்தது. கெடுத்தது சில்டெனாபில் அன்று; அது இருந்த இடத்தில் சேர்ந்துவந்த வேறொன்று.

இந்தியாவில் இதைத் தடுக்கச் சட்டம் பழையது. பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. சுவரொட்டியிலும் கைபேசித் திரையிலும் அந்த விளம்பரங்கள் வராத நாள் இல்லை என்பதும் உண்மை. சித்த, ஆயுர்வேத மருந்தில் நவீன மருந்தைக் கலந்து மூலிகை என்று விற்பது மருந்துச் சட்டப்படி தண்டனைக்குரியது. முறையாகத் தயாரிக்கும் சித்த மருத்துவர்களுக்கும் இந்தக் கலப்படத்தால் கெட்ட பெயர். அவர்களின் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

மாத்திரையாலோ லேகியத்தாலோ உடலுக்கு ஏதேனும் நேர்ந்தால் அதைப் பதிவு செய்ய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இயங்குகிறது. இப்போது அதன் ஒருங்கிணைப்பு மையம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம். புதுச்சேரியில் ஜிப்மர் இத்திட்டத்தின் எதிர்விளைவுக் கண்காணிப்பு மையங்களில் ஒன்று. மருத்துவர்கள் மட்டுமல்லாமல் நோயாளியும் உறவினரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். உண்ட பொருளின் மீதியை உறை, பொட்டலம் அல்லது டப்பாவோடு எடுத்து வைத்திருப்பது பெரிதும் உதவும். பெயரில்லாத சூரணமாக இருந்தாலும், அதைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால்தான் உள்ளே இருந்தது என்ன என்று தெரியவரும்.